பேஸ் அடிக்காத வண்டி

அத்தியாயம் ஏழு

மூன்றாவது விரல் முறிகிற நேரம் பார்த்துத்தான் ஒஃபேலியா பாரியென்டோஸ் கவாசோஸ் வீட்டுக் கராஜுக்குள் நுழைந்தாள். பின்னாலேயே அவளுடைய உதவியாள் டாச்சோ. முறிந்த சத்தம் காதில் விழுந்ததும், காலையில் அவன் தின்ற பார்பகோவாக் கறி வைத்த டாகோ மூன்றும் ஒன்றாக மேலே வரப் பார்த்தன. தின்றதும் மூன்று, முறிந்ததும் மூன்று என்று ஒரு நக்கலும் கூடவே வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினான்.

நாற்காலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவன் ஃபெர்மின். டெக்சாஸில், சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாகக் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டிப் பிழைக்கிறவன். அவனைக் கட்டியிருந்ததும் ஸ்பீக்கர் வயரால்தான். வலது கையை மட்டும் வெளியே இழுத்து வேலைமேசை மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் சுத்தியலோடு நின்றவன் கிராசியானோ கவாசோஸ், சனிக்கிழமை கொலையான எலிசெயோவின் அண்ணன். கதவோரம் நீளத் துப்பாக்கியோடு நின்றவன் அவர்கள் சித்தப்பா மகன் உபால்டோ. மூலையில் மடக்கு நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள் ஒர்தென்சியா. அண்ணன் தம்பி இருவரையும் பெற்றவள். சின்னவனைப் புதைத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

“உங்களை யாரு உள்ள விட்டது?” என்றான் கிராசியானோ.

“கதவு தொறந்து கெடந்துச்சு. காத்தோட்டமா அடிக்கிறீங்க போலிருக்கு,” என்றான் டாச்சோ.

உபால்டோவின் துப்பாக்கிக் கட்டை அவன் வாயில் இறங்கியது. நூற்று முப்பது கிலோ உடம்பு சுவரில் மோதி, சுவரில் தொங்கிய மண்வெட்டியோடு தரையில் உட்கார்ந்தது. வாயிலிருந்து பல் ஒன்றை எடுத்துப் பார்த்தான். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான், இருந்தாலும் வலிக்காமலா இருக்கும்.

ஒஃபேலியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு, இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வண்டிகளையும் எரித்த ஆட்களையும் பார்த்துச் சலித்தவள். அன்று காலை ஃபெர்மினின் பெண்டாட்டி எட்டு மாத வயிற்றோடு அவளுடைய துப்பறியும் ஆபீசுக்கு வந்து, புருஷனை பஸ் ஸ்டாப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதிருந்தாள். போலீசைக் கூப்பிடலாமே பாஸ் என்று டாச்சோ வழியெல்லாம் நச்சரித்தான். சைரன் கேட்ட அடுத்த நொடி ஃபெர்மினின் மண்டை ரெண்டாகிவிடும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கவாசோஸ் குடும்பத்தின் கணக்கு சுலபமானது. சனிக்கிழமை எலிசெயோ தன் கடையில், செத்துப்போன அப்பாவின் பெரிய வண்டியை உள்ளே விட்டு, கம்பெனி ரேடியோவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது செட் போடச் சொல்லியிருக்கிறான். போட்டவன் ஃபெர்மின். ஐந்தேகாலுக்கு அவன் கிளம்பிவிட்டான். ஆறு மணிக்கு உபால்டோ வந்தபோது, சற்று முன்னால் வந்திருந்த கிராசியானோ தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தான். நெஞ்சில் இரண்டு குண்டு. துப்பாக்கி மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. போலீஸ் ஃபெர்மினை ஒரு ராத்திரி வைத்து விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டது. இவர்கள் அனுப்பத் தயாராக இல்லை.

“டோன்யா, உங்க சின்னப் பிள்ளை கடைசியா செய்யச் சொன்ன வேலை இது,” என்றாள் ஒஃபேலியா தாய்க்காரியிடம் மரியாதையாக, நடுவில் நின்ற வண்டியைக் காட்டி. “நீங்க இன்னும் கேக்கலையே. ஒரு பாட்டு நேரம் குடுங்க. அப்புறம் நான் போயிடறேன்.”

“அம்மா, இவளை நம்பாத,” என்றான் கிராசியானோ.

தாய்க்காரி அவனைப் பார்க்கவில்லை. போலீஸ் திங்கட்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அதன் சாவி அவள் கழுத்துச் செயினில் கிடந்தது. அதை யார் கையிலும் அவள் கொடுக்கவில்லை, வண்டியைத் தொடவும் விடவில்லை. இப்போது செயினைத் தலைவழியாகக் கழற்றி நீட்டினாள்.

டாச்சோ எழுந்து போய் சாவியைப் போட்டான். துப்பறியும் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவனும் செட் மாட்டுகிறவனாக இருந்தவன்தான். சொல்லப்போனால் கை தேர்ந்தவன், வாய்தான் வேலையைக் கெடுத்தது. டாஷ்போர்டை அறுத்துப் புது ரேடியோவைப் பதித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஃபெர்மின் மேல் மரியாதை வந்தது. ஒரு பிசிறு கிடையாது. பின்பக்கம் மரப்பெட்டி, அதில் பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவில் பேஸுக்கான ஸ்பீக்கர்களான ஊஃபர் இரண்டு. சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பின் விளக்கு எரிந்தது. காதைப் பொத்திக்கொண்டு சத்தத்தை ஏற்றினான்.

அக்கார்டியன் கேட்டது. பாடுகிறவன் குரலும் கேட்டது. கனத்த அடிச்சத்தமான பேஸ் மட்டும் அடிக்கவே இல்லை. இந்த மாதிரிப் பெட்டி அடித்தால் சட்டைக்குள் தொப்பை தனியாக ஆட வேண்டும். டாச்சோவின் தொப்பை, அதுவும் அவ்வளவு பெரிய தொப்பை, சும்மா இருந்தது.

அவன் பாட்டை நிறுத்தினான். ஒர்தென்சியாவின் முகம் வாடியது. பிள்ளையின் கடைசி ஆசை இவ்வளவுதானா என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

கிராசியானோவுக்கு அது போதுமாக இருந்தது. “பாத்தியாம்மா? வேலையைச் சொதப்பியிருக்கான். தம்பி கேட்டிருப்பான், இவன் சுட்டுட்டான். இன்னும் என்ன சாட்சி வேணும்?” என்று சுத்தியலை ஓங்கினான். அடி நான்காவது விரலில் விழாமல் புறங்கையில் விழுந்தது. ஃபெர்மின் கத்தவில்லை, கத்துவதற்கான தெம்பு அவனிடம் தீர்ந்துபோயிருந்தது. நாற்காலியோடு சேர்ந்து உடம்பு மட்டும் துள்ளி அடங்கியது.

நாமே போய் ஃபெர்மினை இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டோமே என்று டாச்சோ தன்னையே நொந்துகொண்டான். பாஸ் முகத்தைப் பார்த்தான். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கடையிலேர்ந்து நாலு வாசல் தள்ளி ஒரு முடிதிருத்துற கடை இருக்கு,” என்றாள். “சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க ஒருத்தருக்குக் காது கிழிஞ்சு நாலு தையல். ஏன் தெரியுமா? எலிசெயோ கடையில போட்ட பேஸுல சவரக்காரருக்குக் கை ஆடிடுச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டை நானே பாத்தேன். அஞ்சு மணிக்குக் காதைக் கிழிச்ச பெட்டி இப்ப கொசுவைக்கூட வெரட்ட மாட்டேங்குது. நடுவுல என்ன ஆச்சு?”

ஃபெர்மின் தலையைத் தூக்கினான். “அஞ்சு மணிக்கு நல்லா அடிச்சுது டோன்யா,” என்றான் ஒர்தென்சியாவைப் பார்த்து. “எலிசெயோ சிரிச்சான். உங்களை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும்னான்.”

தாய்க்காரி கையை உயர்த்தினாள். சுத்தியல் நின்றது.

டாச்சோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கூரையில் இருந்த புகை அலாரத்தைத் திறந்து அதன் சதுர பேட்டரியைப் பிடுங்கினான். உபால்டோவின் துப்பாக்கி அவன் பின்பக்கத்தையே குறி பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய குறிக்கு எதற்குக் கண்ணை இடுக்குகிறாய் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. இருக்கிற பற்களை நினைத்துக்கொண்டு இறங்கினான்.

பெட்டிக்குப் பின்னால் ஒவ்வொரு ஊஃபருக்கும் தனித்தனியாக இரண்டு முனைகள் இருந்தன. பேட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸிலும் மைனஸ்ஸை மைனஸ்ஸிலும் வைத்தான். இடது ஊஃபர் டப்பென்று வெளியே துள்ளியது. வலது ஊஃபரிலும் அதே மாதிரி வைத்தான். அது உள்ளே போனது.

“ஒண்ணு காத்தைத் தள்ளுது, இன்னொண்ணு அதையே முழுங்குது,” என்றான் டாச்சோ. “வலது பக்கத்துக்கு உள்ளார வயர் தலைகீழா மாட்டியிருக்கு. அஞ்சு மணிக்கு அப்புறம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க.”

கழற்றிக் காட்டச் சொன்னாள் ஒஃபேலியா. எட்டு திருகாணிகளைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவது போல ஊஃபரைத் தூக்கினான். இழுத்த இழுப்பில் உள்ளிருந்து வந்த இரண்டு வயரும் கழன்று தொங்கின. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. சிவப்பு தீர்ந்துபோனதால் பிளஸ்ஸுக்கு வெள்ளையைப் போட்டதாக ஃபெர்மின் முனகினான். பெட்டிக்குள் வெள்ளைப் பஞ்சு அடைத்திருந்தது. டாச்சோ குனிந்து எட்டிப் பார்த்தான்.

விலாவில் ஒரு உதை விழுந்தது. உருண்டு போய் டயரில் முட்டிக்கொண்டான்.

“போதும் இந்தக் கூத்து. பாட்டு நேரம் முடிஞ்சுது,” என்றான் கிராசியானோ. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஊஃபரை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, தொங்கிய வயர் இரண்டையும் எடுத்துச் சரக் சரக்கென்று தகடுகளில் செருகினான். ஊஃபரைக் குழியில் இறக்கி இரண்டு திருகாணியைக் கையாலேயே முடுக்கினான். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. வேலை தெரிந்த கை.

“சுறுசுறுப்பான ஆளு. என்ன தொழில்?” என்று ஒஃபேலியா கேட்டாள்.

“வீட்டுக்கு வயரிங் பண்றவன்,” என்று பெருமையாகவே சொன்னாள் தாய்க்காரி. “மேற்குப் பக்கத்துல பாதி வீட்டுக்கு வெளிச்சம் இவன் போட்டதுதான்.”

“டாச்சோ, அந்த பேட்டரியை இன்னொரு வாட்டி வையி.”

டாச்சோ விலாவைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனான். பிளஸ்ஸில் பிளஸ், மைனஸ்ஸில் மைனஸ். வலது ஊஃபர் மறுபடியும் உள்ளேதான் போனது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. பாஸ் சும்மா கண்ணாடி துடைக்கவில்லை. கிராசியானோ பெட்டியை மூட ஓடி வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“காருக்கு செட் போடறவனுக்குக் கறுப்பு வயர்னா மைனஸ்,” என்றாள் ஒஃபேலியா, ஒர்தென்சியாவின் பக்கத்தில் போய் நின்று. “பதினோரு வருஷம் செட் போட்டவன் தூக்கத்துலகூட கறுப்பைக் கொண்டுபோய் பிளஸ்ல மாட்ட மாட்டான். ஆனா நம்ம அமெரிக்க வீட்டு வயரிங்ல கறுப்புலதான் கரண்டு வரும், வெள்ளை திரும்பிப் போறது. வீட்டு வயரிங் ஆளு யோசிக்காம மாட்டுனா கறுப்புதான் பிளஸ்ஸுக்குப் போகும். சனிக்கிழமை இந்த ஊஃபரை மாட்டுனவன் அப்படித்தான் மாட்டியிருக்கான். இப்ப உங்க கண்ணு முன்னால ஒருத்தர் அதே மாதிரி மாட்டுனார்.”



“எதுக்காகக் கழட்டணும்?” என்றாள் ஒர்தென்சியா. குரல் வறண்டிருந்தது.

“வெளிய சனிக்கிழமைக் கூட்டம். துப்பாக்கியை இடுப்புல வெச்சிருந்தா போலீஸ் தடவிப் பாக்கும். பெட்டிக்குள்ள வெச்சா யாரும் பாக்க மாட்டாங்க, அப்புறம் மெதுவா எடுத்துக்கலாம். நீங்க சாவியைக் கழுத்துல போட்டுக்குவீங்கன்னு அவர் எதிர்பாக்கல.”

“உபால்டோ,” என்றாள் தாய்க்காரி. “உள்ள கையை விடு.”

உபால்டோ துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பெட்டியை நோக்கி ஓர் அடி வைத்தான். அவ்வளவுதான் வைக்க முடிந்தது. கிராசியானோ மறுபடி எடுத்த சுத்தியல் அவன் வலது மணிக்கட்டில் இறங்கியது, எலும்பு தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. துப்பாக்கி தரையில் விழுந்து சுழன்றது. கிராசியானோ அதை எடுக்கப் போகவில்லை. இரண்டே எட்டில் ஃபெர்மினிடம் போனான். செத்தவன் பேச மாட்டான், பேசாதவன் மேல் எதையும் போடலாம். சுத்தியல் இம்முறை தலைக்கு மேலே உயர்ந்தது.

டாச்சோ யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நிச்சயம் போயிருக்க மாட்டான். நாற்காலியையும் ஃபெர்மினையும் சேர்த்து இடித்துத் தள்ளினான். தலைக்கு வந்த அடி அவன் தோளில் விழுந்தது. கை செத்துத் தொங்கியது. இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதற்கு அவன் காத்திருக்காமல், கிராசியானோவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மொத்த எடையோடும் அவன் மேல் விழுந்தான். விழுந்தபோது இருவரும் பெட்டியில் மோதினார்கள். இரண்டு திருகாணியில் நின்ற ஊஃபர் பிடுங்கிக்கொண்டு கிராசியானோவின் முழங்காலில் விழுந்தது. அவன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

“நகராதீங்க,” என்றாள் ஒஃபேலியா. நீளத் துப்பாக்கி இப்போது அவள் கையில் இருந்தது. “டாச்சோ, நீ மட்டும் நகரலாம். அவருக்கு மூச்சு முட்டுது.”

“நகர முடிஞ்சா நகர மாட்டேனா பாஸ்,” என்றான் டாச்சோ. “என்னைத் தூக்க கிரேன் வரணும்.”

பெட்டியின் ஓட்டை வழியாகப் பஞ்சு பிதுங்கி வந்து கிடந்தது. அதன் நடுவே எலிசெயோவின் எண்ணெய்த் துணி ஒன்று சுருட்டியிருந்தது. தாய்க்காரி எழுந்து வந்து, குனிந்து அதைப் பிரித்தாள். உள்ளே சின்னதாக ஒரு கைத்துப்பாக்கி. அதை அவளுக்குத் தெரியும். போன வருஷம் பெரியவன் பிறந்தநாளுக்கு அவளே வாங்கிக் கொடுத்தது.

கிராசியானோ அழ ஆரம்பித்தான். நாலு நாளாக எல்லோர் முன்னாலும் அழுத அழுகை வேறு, இது வேறு.

“அவன் அப்பாவோட ரேடியோவைக் குப்பைத் தொட்டியில போட்டிருந்தான்மா. அப்பா கைபட்ட டாஷ்போர்டை ரம்பம் போட்டு அறுத்துட்டான். ஏன்டா இப்படிப் பண்ணேன்னு கேட்டா, உனக்குச் சொன்னாலும் புரியாதுங்கறான். வண்டியை எனக்குக் குடுத்திருந்தா நான் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். நீ அவனுக்குத்தானே குடுத்த.”

ஒர்தென்சியா சுத்தியலைத் தரையிலிருந்து எடுத்தாள். ஒஃபேலியா தடுக்கவில்லை.

“அந்த ரேடியோவைக் கழட்டச் சொன்னதே நான்தான்,” என்றாள் தாய்க்காரி. “உங்கப்பன் என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வண்டியில ஏத்துவான். பாலத்துக்குக் கீழ நிறுத்துவான். ரேடியோவை முழுசா ஏத்தி வெச்சுட்டுத்தான் என்னை அடிப்பான், வெளிய கேக்கக் கூடாதுன்னு. நீ பெரியவன், வீட்ல இருப்ப. சின்னவன் பின்சீட்ல இருப்பான். அந்தக் குமிழைப் பாத்தாலே எனக்கு விலா வலிக்குதுடா, பிச்சு எறிஞ்சுடுன்னு அவன்கிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னேன். நீ அப்பன் மேல உயிரா இருந்த.”

“பொய்,” என்றான் கிராசியானோ. “அப்பா அப்படிப்பட்டவர் இல்ல. நீ பொய் சொல்ற.”

அவள் அடித்தாள். ஒரே அடி. காறை எலும்பு உடைந்த சத்தம் டாச்சோவின் நெஞ்சுக்கு அடியிலேயே கேட்டது. அவன் மேலேதான் படுத்திருந்தானே. கிராசியானோ அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஒர்தென்சியா சுத்தியலை மேசை மேல் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். மூன்று எண்களைத் தட்டினாள்.

“ஆம்புலன்ஸ் அனுப்புங்க. ஒரு பிள்ளையோட கையை நாங்க அநியாயமா ஒடைச்சு வெச்சிருக்கோம், இன்னும் மூணு பேருக்கு அடி. போலீசையும் அனுப்புங்க. சனிக்கிழமை எலிசெயோ கவாசோஸைக் கொன்னவன் இங்கதான் இருக்கான்.”

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். செத்தவருக்கு நீங்கள் அம்மாவா என்று கேட்டிருக்க வேண்டும்.

“ரெண்டு பேருக்கும் நான்தான் அம்மா,” என்றாள்.

பிறகு வீட்டு விலாசத்தை நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை சொன்னாள்.